அறுபத்துநாலு படங்களும் ஒரு சந்தனக் கிண்ணமும்

மருதாசலம் வாத்தியாருக்கு ஐம்பத்தாறாவது வயதில் ஒரு குரு கிடைத்தார். குருவுக்கு வயது முப்பத்தெட்டு.

குருவின் பெயர் பூங்கோதை. கோயம்புத்தூர் கணபதி பகுதியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போகமாட்டார். கம்பெனிகளுக்கு மட்டும்தான் படம். பம்பு செட்டு, மசாலாப் பொடி, பனியன் என்று எதைக் கொடுத்தாலும் அதைப் பார்த்தவுடன் வாங்கத் தோன்றுகிற மாதிரி எடுப்பார்.

மருதாசலம் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். இருபத்திரண்டு வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு டைம் டேபிள் போட்டது அவர்தான். நாற்பது ஆசிரியர்கள், இருபத்தெட்டு வகுப்புகள். ஒரு நாளும் இரண்டு பேர் ஒரே வகுப்பு வாசலில் முட்டிக்கொண்டதில்லை. அந்தப் பெருமை அவருக்கு நிறைய உண்டு. நியாயமான பெருமைதான், குறை சொல்ல முடியாது.

அவர் பூங்கோதையை "டீச்சர்" என்பார். பூங்கோதை அவரை "சார்" என்பார். இருவரில் யார் யாருக்குப் பாடம் சொல்கிறார்கள் என்று கீழே பேக்கரிக்காரருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

ஒரு வருஷம் லைட் சுமந்து, ஒயர் சுருட்டி, குடை பிடித்தபின், ஒருநாள் டீச்சர் கூப்பிட்டார்.

"சார், நாச்சிமுத்து அண்ணன் கிரைண்டர் கம்பெனிக்குக் கேட்லாக் எடுக்கணுமுங்க. எந்தப் படம், எந்த நாள், எத்தனை மணி, எல்லாம் இந்தத் தடவை நீங்களே திட்டம் போடுங்க."

வாத்தியாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

விஷயம் சின்னது இல்லை. பினாங்கில் ஒரு பெரிய பாத்திரக்கடை. விலை, அளவு எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். இரண்டு கம்பெனிகளில் ஒன்றுக்கு ஆர்டர். கேட்லாக் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் படங்கள் போயாக வேண்டும். நாச்சிமுத்து கம்பெனியில் இருபத்தாறு பேர் வேலை பார்த்தார்கள். பொங்கலுக்குப் பின் வியாபாரம் படுத்ததில் இரண்டாவது ஷிப்டை மூடி, பன்னிரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். இந்த ஆர்டர் வந்தால் அவர்கள் திரும்ப வரலாம். வராவிட்டால் மிச்சமிருக்கும் பதினாலு பேருக்கும் உத்தரவாதம் இல்லை.

வாத்தியார் டேப்பை எடுத்துக்கொண்டு ஃபேக்டரிக்குப் போனார். நீளம், அகலம், ஜன்னல் உயரம், எத்தனை மணிக்கு எந்த ஜன்னலில் வெயில் விழும், எல்லாம் அளந்தார். மூன்று நாள் உட்கார்ந்து சார்ட் போட்டார். நாலு கலர் ஸ்கெட்ச் பேனா. அறுபத்துநாலு கட்டம். கட்டத்துக்கு ஒரு படம். படத்துக்கு ஆறரை நிமிஷம். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து மூன்று மணிக்கு முடிவு. பழைய வழக்கப்படி இரண்டு பிரதி: ஒன்று கையில், ஒன்று ஸ்டுடியோ சுவரில்.

டீச்சர் சுவர் முன்னால் நின்று நிதானமாகப் படித்தார்.

"பதினேழாவது படத்துல, 'ரப்பர் குழாயை மறைக்கவும்'னு போட்டிருக்கீங்க."

"ஆமாங்க டீச்சர். கல் கடையற மிஷின் மேல ஒரு பழைய குழாய் தொங்குது. பாக்க நல்லாவே இல்லை."

"யாரு கிட்டயாச்சும் பேசுனீங்களா, அங்க?"

"பேசி என்னங்க ஆகப்போகுது? இடத்தைத்தான் அளந்துட்டேனே."

"எந்த நாள்னு சொன்னீங்க?"

வாத்தியார் இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தார். "செவ்வாய்க்கிழமை. ஆயுத பூஜை. மிஷின் பூரா கழுவித் துடைச்சுப் பளபளன்னு இருக்கும். ஆளுங்க புதுத்துணி போட்டிருப்பாங்க. உற்பத்தியும் கெடாது. காலைல நாம எடுத்துட்டா, சாயங்காலம் அவங்க பூஜை போட்டுக்குவாங்க."

"நல்ல நாளுங்க சார். நானும் வந்தர்றேன். கேமரா என் பொறுப்பு, நீங்க நேரா அங்க வந்துருங்க."

செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கே வாத்தியார் சார்ட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஃபேக்டரி வாசலில் நின்றார். வாழைக்கன்று கட்டியிருந்தது. வாசலில் பெரிய கோலம். உள்ளே சத்தமே இல்லை. அதுவும் அவருக்குப் பிடித்திருந்தது.

ஃபோர்மேன் சென்னியப்பன் வந்தார். வேட்டி கட்டி, தலை வாரி, அடையாளமே தெரியவில்லை.

"எட்டு மணிக்குக் கல் கடையற மிஷினை ஓட விட்டீங்கன்னா ஆரம்பிச்சரலாமுங்க" என்றார் வாத்தியார்.

"ஓட்டணுமுங்களா? இன்னைக்கா?"

"போட்டோவுக்குத்தானுங்க."

"நேத்து அஞ்சரைக்கே மெயினை இறக்கியாச்சுங்க வாத்தியாரே. நாளைக்குக் காலைல பூஜை போட்டுத்தான் ஏத்துவோம். பெரியவரு காலத்துல இருந்து இங்க அப்படித்தான்."

"ஒரே ஒரு நிமிஷமுங்க. சும்மா சுத்துனாப் போதும்."

சென்னியப்பன் கோபப்படவில்லை. "வருஷம் பூரா நமக்காக ஓடுதுங்க. ஒரு நாள் படுத்திருக்குது. எழுப்பச் சொல்றீங்களா?"

அறுபத்துநாலு கட்டத்தில் ஐம்பத்தெட்டில் ஏதாவது ஒன்று ஓட வேண்டும், சுற்ற வேண்டும், அரைக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கடுகளவு தப்புக்குப் பெஞ்சு மேல் ஏற்றியவர், இப்போது எந்தப் பெஞ்சு மேல் ஏறுவது என்று தெரியாமல் நின்றார்.

அந்த நேரம் பார்த்து டீச்சரின் ஸ்கூட்டர் வந்தது. முன்னால் ஒரு கூடை. கூடையில் பொரி, கடலை, ஒரு சீப்பு வாழைப்பழம்.

"டீச்சர், கேமரா?"

"பூஜையில இருக்குதுங்க சார்."

"பூஜையிலயா?"

"நேத்து சாயங்காலமே துடைச்சு வெச்சுட்டேன். நாளைக்குக் காலைலதான் எடுப்பேன். எங்க ஸ்டுடியோவுலயும் அப்படித்தான்."

வாத்தியாருக்கு அழுகையே வந்துவிட்டது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே டீச்சர்!"

"சொல்லியிருந்தா?"

"தேதிய மாத்தியிருப்பேன்."

"மாத்தி?"

"அறுபத்துநாலு படத்தையும் எடுத்திருப்பேன்."

டீச்சர் கூடையை நீட்டினார். "பொரி சாப்பிடுங்க சார்."

அதற்குள் நாச்சிமுத்து வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, வாத்தியாரைப் பார்க்காமல் டீச்சரைப் பார்த்துப் பேசினார்.

"அம்மிணி, நீங்க போன வாரம் போன்ல கேட்டப்பவே சொன்னனே. நாளைக்குக் காலைல ஏழரையிலிருந்து ஒம்பது வரைக்கும் மிஷின் ஓடும். அதுக்கு மேல ஆளுங்கள நிறுத்த முடியாது. ஒம்பது மணிக்குப் பழனி பஸ்ஸு. எல்லாரும் குடும்பத்தோட ஏறிருவாங்க. அந்த ஒன்றரை மணி நேரத்துல முடியுமா, முடியாதா? அதைச் சொல்லுங்க. நான் பினாங்குக்காரனுக்கு வாக்குக் குடுத்திருக்கிறேன்."

"சாரைக் கேளுங்கண்ணா. திட்டம் அவரோடது."

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். வாத்தியார் மனக்கணக்கில் புலி. தொண்ணூறு நிமிஷம், படத்துக்கு ஆறரை. பதிமூன்று படம், அதுவும் மூச்சு விடாமல் எடுத்தால். அறுபத்துநாலில் ஐம்பத்தொன்றை வெட்ட வேண்டும்.

"முடியுமுங்க" என்று வாய் சொல்லிவிட்டது.

நாச்சிமுத்து உள்ளே போனபின், வாத்தியார் சார்ட்டைத் தரையில் விரித்தார். சிவப்புப் பேனாவைத் திறந்தார். மூடினார். எல்லாக் கட்டமும் அவருக்கு முக்கியமாகவே தெரிந்தது.

"எதைங்க டீச்சர் வெட்டறது?"

டீச்சர் உள்ளே போனார். சாமி படத்தின் முன்னால் இருந்த பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து வந்தார். அதில் கரைத்த சந்தனம் ஒரு கிண்ணம், குங்குமம் ஒரு கிண்ணம், உதிரிப்பூ. அதை வாத்தியாரின் இரண்டு கையிலும் வைத்தார்.

"இவங்க இப்ப ஒவ்வொருத்தரா அவங்கவங்க சாமானுக்குப் பொட்டு வெப்பாங்க. தட்டு புடிக்க ஆள் வேணுமாமுங்க. கூடப் போயிட்டு வாங்க சார்."

"குறிச்சுக்கறதுக்கு நோட்டு எடுத்துக்கட்டுங்களா?"

"தட்டை ஒரு கையில புடிச்சா சந்தனம் கொட்டீருமுங்க."

ஐம்பத்தேழு வயது வாத்தியார் தாம்பாளம் ஏந்திக்கொண்டு புறப்பட்டார்.

முதலில் கல் கடைகிற சின்னராசு. பெரிய மிஷின். அதைத் தாண்டிப் போய், மேலே தொங்கிய பழைய ரப்பர் குழாய்க்குச் சந்தனம் தடவினார். குங்குமம் வைத்தார். கண்ணை மூடிக் கும்பிட்டார்.

"மிஷினுக்கு வெக்கலீங்களா?" என்றார் வாத்தியார்.

"அதுக்கு ஃபோர்மேன் வெப்பாருங்க. எனக்கு இதுதான். கல்லு மேல தண்ணி ஊத்தறது இதுதானுங்க. இது இல்லைன்னா கல்லுத்தூசி பூரா என்ற நெஞ்சுக்குள்ள போயிருக்கும். பதினெட்டு வருஷமா என்னைய உசுரோட வெச்சிருக்குது."

பதினேழாவது கட்டம். ரப்பர் குழாயை மறைக்கவும்.

பேக்கிங்கில் கபூர் பாய். "நமக்குப் பொட்டு இல்லீங்க வாத்தியாரே, பூ வைக்கலாம்" என்று சொல்லி ஒரு ரோஜாவை எடுத்துக்கொண்டார். அட்டைப்பெட்டி தள்ளுகிற ட்ராலியின் கைப்பிடியைத் துண்டால் துடைத்தார். கைப்பிடி தேய்ந்து கண்ணாடி மாதிரி இருந்தது. அதில் பூவை நூல் போட்டுக் கட்டினார். "முட்டி வலி வந்த நாள்ல இருந்து நான் இதைத் தள்ளறேனா, இது என்னைக் கூட்டிட்டுப் போகுதான்னே தெரியலீங்க" என்று சிரித்தார்.

மூலையில், தார்ப்பாய் போட்டு மூடியிருந்த மிஷின் முன்னால் ஒரு பெண் நின்றார். வீட்டுக்கு அனுப்பப்பட்ட பன்னிரண்டு பேரில் ஒருவர், மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிற மயிலாத்தாள். வேலை இல்லாவிட்டாலும் பூஜைக்கு வந்திருந்தார். பன்னிரண்டு பேருமே வந்திருந்தார்கள். வாத்தியார் அவர்களை அதுவரை கவனிக்கவில்லை.

மயிலாத்தாள் தார்ப்பாயை விலக்கினார். முந்தானையால் தூசியைத் துடைத்தார். சுற்று எண்ணுகிற சின்ன மீட்டருக்குப் பொட்டு வைத்தார்.

"நல்லா இருந்தயா?" என்று அதைத்தான் கேட்டார். வாத்தியார் தலையைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியாக டெஸ்டிங். பழனாத்தாள் என்ற அம்மாள். மேஜை மேல் மீட்டரும் பல்புகளும் வரிசையாக இருந்தன. அவர் எதையும் தொடவில்லை. ஆணியில் தொங்கிய நீளமான பழைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அதன் மரப்பிடிக்குச் சந்தனம் பூசினார்.

"இதுல என்னங்கம்மா பண்ணுவீங்க?"

"கேப்பனுங்க."

"கேப்பீங்களா?"

"நுனியை ஓடற மோட்டார் மேல வெச்சுப் பிடியைக் காதுல வெச்சா, பேரிங் உள்ள பேசறது கேக்குமுங்க. கரகரன்னா பிரிச்சு மாட்டச் சொல்லீருவேன். நான் இங்க கூட்டிப் பெருக்க வந்தவதானுங்க. எழுதப் படிக்கத் தெரியாது. காது மட்டும் இருந்துச்சு. அந்தக் காதுக்கு ஒரு வேலை குடுத்தது இதுதானுங்க."

தட்டு திரும்பி வந்தபோது சந்தனக் கிண்ணம் காலி. டீச்சர் வாசலில் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தார்.

"எத்தனை இடத்துலங்க சார் பொட்டு வெச்சாங்க?"

"பூவையும் சேத்துப் பதினொண்ணு."

"குறிச்சீங்களா?"

"எங்கீங்க? ரெண்டு கையும் தட்டுல இருந்துச்சு."

"ஞாபகம் இருக்குதுங்களா?"

வாத்தியார் வரிசையாகச் சொன்னார். குழாய், கைப்பிடி, மீட்டர், ஸ்க்ரூ டிரைவர், இன்னும் ஏழு. ஒன்றுகூட விடவில்லை. யார் வைத்தார்கள், என்ன சொன்னார்கள், எல்லாம் சொன்னார்.

"அப்பச் சரிங்க" என்று டீச்சர் எழுந்து ஸ்கூட்டரை எடுத்தார்.

மறுநாள் விஜயதசமி. காலை ஏழரை மணிக்குச் சென்னியப்பன் தேங்காய் உடைத்து, மெயினை ஏற்றினார். மிஷின்கள் ஒவ்வொன்றாக முழித்துக்கொண்டன. முந்தின நாள் வாத்தியாருக்குப் பிடித்திருந்த அமைதியைவிட இந்தச் சத்தம் எவ்வளவோ நன்றாக இருந்தது.

டீச்சர் கேமராவை எடுத்தார். அதன் நெற்றியில் காய்ந்த சந்தனப் பொட்டு. அதைத் துடைக்கவில்லை.

சார்ட் பைக்குள் இருந்தது. வாத்தியார் அதை வெளியே எடுக்கவில்லை. "இங்க வாங்க டீச்சர்" என்று முன்னால் நடந்தார். குழாயிலிருந்து தண்ணீர் கல்மேல் விழுந்து தெறிக்க, பின்னால் சின்னராசுவின் முகம். ரோஜா கட்டிய கைப்பிடியில் கபூர் பாயின் இரண்டு கை. அன்று மயிலாத்தாளின் மிஷினுக்கும் மின்சாரம் வந்தது. ஒரே ஒரு காயில் சுற்றினார். எண்கள் ஓட ஓட அவர் உதடும் கூடவே எண்ணியது. யாரும் போஸ் கொடுக்கவில்லை. வாத்தியார் யாரையும் அங்கே நில், இங்கே பார் என்று சொல்லவுமில்லை. அவரவர் பொட்டு வைத்த இடத்துக்கே அவரவர் கை தானாகப் போனது.

எட்டே முக்காலுக்குப் பழனாத்தாள். புதுக் கிரைண்டர் ஒன்று ஓடியது. அவர் குனிந்து, ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார்.

ஃபேக்டரி பூரா இரைச்சல். அந்த முகத்தில் மட்டும் இரைச்சல் இல்லை.

டீச்சர் ஒரே ஒரு தடவைதான் அழுத்தினார்.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றார் பழனாத்தாள், மோட்டாரைப் பற்றி.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. வாத்தியார் வாசலில் நின்று, ஏறப்போன இருபத்தாறு பேருக்கும் கை கூப்பினார். "ரொம்ப நன்றிங்க, ரொம்ப நன்றிங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். எதற்கு என்று அவர்களுக்குப் புரியவில்லை. "நீங்களும் வாங்க வாத்தியாரே, சீட்டு இருக்குது" என்று கபூர் பாய் ஜன்னலிலிருந்து கூப்பிட்டார்.

மூன்று மணிக்குப் பதினொரு படங்களும் பினாங்குக்குப் போய்ச் சேர்ந்தன. அதற்குப் பின் வாத்தியார் வீட்டுக்குப் போய்க் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வெற்றிலை பாக்கு, பழம், ஒரு சேலை எல்லாம் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு, ஐந்து மணிக்கு ஸ்டுடியோ மாடிப்படி ஏறினார். விஜயதசமி அன்று வாத்தியாருக்குத் தட்சிணை வைப்பது வழக்கம். இத்தனை வருஷம் வாங்கிய கை அது.

அவர் கடைசிப் படியில் கால் வைக்கும்போது டீச்சர் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நாச்சிமுத்து பழனியிலிருந்து கத்திக்கொண்டிருந்தார்.

"அம்மிணி! ஆர்டர் நமக்குத்தான்! அந்தாளு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். அந்தம்மா காதுல என்ன வெச்சிருக்காங்கன்னு. சொன்னேன். அந்தம்மா கேட்டுச் சரின்னு சொன்ன மிஷினா அனுப்புங்கன்னுட்டான். திங்கக்கிழமை பன்னெண்டு பேரையும் வரச் சொல்லீட்டேன். மயிலாத்தா மலைப்படியிலயே உக்காந்து அழுகுதுங்க!"

வாத்தியார் டீச்சர் முன்னால் தட்டை நீட்டி, தலை குனிந்து நின்றார்.

டீச்சர் பதறிப்போய், "ஐயோ, என்னங்க சார் இது" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

அப்போதுதான் வாத்தியார் சுவரைப் பார்த்தார். அங்கே ஒட்டியிருந்த சார்ட்டைக் காணவில்லை. கிழித்துப் போட்டிருப்பார் என்று நினைத்தார். அது கிழிக்க வேண்டியதுதான்.

கிழிக்கவில்லை. பூஜை மேஜையில், கேமரா எடுத்த இடம் காலியாக இருந்தது. அதன் அடியில் சார்ட் விரிந்திருந்தது. அறுபத்துநாலு கட்டம், நாலு கலர். நாலு மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"இது எப்பங்க வெச்சீங்க?"

"திங்கக்கிழமை சாயங்காலமுங்க. கேமராவோட சேத்து."

"அப்பவே இது ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியுமுங்க சார்."

"இதுல போட்ட மாதிரி ஒரு படத்தைக்கூட நாம எடுக்கலீங்க டீச்சர்."

"ஆமாங்க, எடுக்கலை."

"அப்புறம் இதுக்கு எதுக்குங்க பொட்டு?"

டீச்சர் தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"நம்மள அந்த ஃபேக்டரி வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போனது இதுதானுங்களே சார்."